காலையில் அளக்க வேண்டிய காற்று

நேயர்களுக்கு வணக்கம். ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் எக்சாஸ்ட்டுக்கும் பிரேக்குக்கும் ஆயிரக்கணக்கில் ரிங்கிட் செலவழிப்பார்கள். டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று கேட்டால் மட்டும், "பார்த்தா சரியாத்தான் இருக்கு" என்பார்கள். அந்தப் பார்வையை நம்பவே கூடாது. 35, 40 வரிசை டயர்களின், அதாவது பக்கச்சுவரின் உயரம் டயர் அகலத்தில் 35, 40 விழுக்காடே உள்ள டயர்களின், பக்கச்சுவர் குட்டையானது, விறைப்பானது. கால் பங்கு அழுத்தம் குறைந்தாலும் வெளியே சப்பையாகத் தெரியாது.

எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடிக்குள் இருக்கும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். அதைப் பார்த்து அடிப்பது தவறு. "எல்லாக் காருக்கும் 220 கிலோபாஸ்கல்" என்பதும் தவறு. இப்போதைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு முன்னும் பின்னும் 200 கிலோபாஸ்கல், அதாவது 29 பிஎஸ்ஐ போதும். இரண்டும் காற்றழுத்தத்தின் அலகுகள். போர்ஷே 911 காருக்கு என்ஜின் பின்னால் இருப்பதால் பின் டயர்களுக்குக் கூடுதலாக அடிக்க வேண்டும். முன்னையும் பின்னையும் ஒரே அளவாக்கிவிட்டால் அந்தக் கார் வளைவில் நடந்துகொள்ளும் விதமே மாறிவிடும்.

ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. மூன்று மணி நேரமாவது ஓடாமல் நின்ற டயரைத்தான் குளிர்ந்த டயர் என்கிறோம். கோலாலம்பூரில் சிக்கலே இதுதான். நெரிசலில் பிரேக் போட்டுப் போட்டு எண்ணெய் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது டயர் சூடாகியிருக்கும். 30 பாகை செல்சியஸில் 220 கிலோபாஸ்கல் இருந்த டயர் 60 பாகைக்குச் சூடேறினால் ஏறக்குறைய 250 காட்டும். "கூடிப்போச்சே" என்று அங்கேயே 220க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலை அது 190தான் இருக்கும். நல்லது செய்வதாக நினைத்துக் காற்றைத் திருடிக்கொள்ளும் வேலை அது.

இதற்கு எளிய வழி உண்டு. சொந்தமாக ஒரு டிஜிட்டல் கேஜ், அதாவது காற்றழுத்தம் அளக்கும் கருவி, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காலையில், வெயில் படுமுன், வீட்டிலேயே நான்கு டயரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 220 இருக்க வேண்டியது 205 இருந்தால் குறை 15. எண்ணெய் நிலையத்தில் அதே டயரை உங்கள் கேஜ் வைத்தே மறுபடி அளங்கள். அங்கே 230 காட்டினால் 245 வரை அடியுங்கள். குறைந்ததை மட்டும் சேர்க்கிறீர்கள், அவ்வளவுதான். நிலையத்து இயந்திரத்தின் குழாய்முனை தினமும் பத்துப் பேர் கையிலிருந்து தரையில் விழுவது. அதன் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மாதம் ஒரு முறையாவது அளக்க வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றால் இன்னும் நல்லது. ஓட்டை இல்லாத டயரிலும் மாதத்துக்குச் சுமார் ஒரு பிஎஸ்ஐ, அதாவது 7 கிலோபாஸ்கல், தானாக இறங்கும்.

காற்று குறைந்தால் எரிய டாஷ்போர்டில் விளக்குதான் இருக்கிறதே என்பீர்கள். அமெரிக்க விதிப்படி அந்த விளக்கு எரிய வேண்டியது அழுத்தம் 25 விழுக்காடு குறைந்த பிறகுதான். 32 பிஎஸ்ஐ வேண்டிய டயர் 24க்கு வரும்வரை விளக்கு சும்மா இருக்கலாம். சில கார்களில் டயருக்குள் சென்சாரே கிடையாது. சக்கரங்கள் சுற்றும் வேகத்தை ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வழியாக ஒப்பிட்டுத்தான் கணிக்கும். நான்கு டயரும் ஒரே அளவில் மெல்ல இறங்கினால் அது ஏமாந்துபோகும். அந்த வகைக் காரில் காற்று அடித்தபின் ரீசெட் செய்ய மறந்தால், தவறான அளவையே சரி என்று வைத்துக்கொள்ளும்.

நம் ஊரில் மாலை மழை எப்படிக் கொட்டும் என்று சொல்லத் தேவையில்லை. தேங்கிய நீரில் டயர் தரையை விட்டு மிதக்கும் வேகத்தை 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்த வேகம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தச் சூத்திரப்படி 36 பிஎஸ்ஐ டயர் சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். 25 பிஎஸ்ஐ என்றால் 83லேயே மிதந்துவிடும். கார் டயரில் பள்ளத்தின் ஆழமும் அகலமும் கணக்கை மாற்றும் என்றாலும் போக்கு அதேதான். ஸ்போர்ட்ஸ் காரின் அகலமான டயர் தேய்ந்தும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். கூட்டரசு நெடுஞ்சாலையில் 90இல் போகிறவருக்கு இந்த இடைவெளி பெரியது.

செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களுக்குத் தனிக் கணக்கு. 5.543 கிலோமீட்டர் தடம் கடிகாரத் திசையில் ஓடுவதால் வலப்பக்க வளைவுகள்தான் அதிகம். பாரம் இடப்பக்க டயர்களில் விழும், அவையே கூடுதலாகச் சூடேறும். சுற்றுகள் முடித்துப் பிட்டுக்குள், அதாவது தடத்தோரம் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடத்துக்குள், வந்த உடனே அளந்து, டயர் நிறுவனம் சொல்லும் சூடான அளவுக்குச் சிறிது சிறிதாக இறக்குவார்கள். அதே காற்றோடு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. டயர் ஆறியபின் ஸ்டிக்கர் அளவுக்கு நிரப்ப வேண்டும். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஒன்று காரில் இருந்தால் சௌகரியம்.

கெந்திங் மலை மேலே போய் அளந்துவிட்டுக் காற்றை இறக்குகிறவர்களும் உண்டு. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் கூட்டிக் காட்டும், குளிர் அதைக் குறைக்கும். இரண்டும் ஓரளவு ஈடாகிவிடும், மலையேறிய சூடும் கணக்கில் சேரும். கை வைக்காமல் கீழே வாருங்கள்.

காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அடிக்கலாமா? காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான். ஈரமில்லாதது, சற்று மெதுவாகக் கசியும். இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

டயரின் இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்தால் அதிகம். உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் காற்றைக் குறை சொல்லாதீர்கள்; பட்டறையில் அலைன்மென்டும் (சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்பது) கேம்பரும் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் கோணம்) பாருங்கள். ஒரே டயர் அடிக்கடி இறங்கினால் வால்விலும் ரிம் விளிம்பிலும் சோப்பு நீர் விட்டால் குமிழ் காட்டிக்கொடுக்கும். சென்சார் உள்ள அலுமினிய வால்வுக்குள் காற்றை அடைத்து வைக்கும் ஊசி பித்தளையாக இருக்க விடாதீர்கள், நிக்கல் பூசியதைக் கேட்டு வாங்குங்கள். மூடியும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். அழகுக்காகப் போடும் உலோக மூடி அரித்து ஒட்டிக்கொண்டால், கழற்றும்போது வால்வு முறிந்து சென்சாரையே மாற்ற வேண்டி வரும்.