ஒரு ரத்தக்காட்டேரி நாவலும் நம்ம ஊர் நீலியும்

நேயர்களுக்கு வணக்கம். பேய்க்கதை என்றால் சோறு ஆறினாலும் கவலைப்படாமல் படிக்கிற ஆள் நான். சமீபத்தில் ஒரு ரத்தக்காட்டேரி நாவல் கைக்கு வந்தது. ஆங்கில நாவல்தான். பெயர் வேண்டாம், படிக்க நினைப்பவர்களை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

பனி மூடிய ஒரு சிற்றூர். முதல் அத்தியாயத்திலேயே தபால்காரர் காலி. அப்புறம் ஒரு டீச்சர், ஒரு கைக்குழந்தை என்று வரிசையாகச் சாகிறார்கள். கடைசியில் ஊரே இல்லை. அவ்வளவுதான் கதை.

எல்லாரும் சாகட்டும், அது எழுதுகிறவர் இஷ்டம். ஆனால் ஒருவர் செத்தபோதாவது எனக்கு மனசு பதற வேண்டாமா? தபால்காரருக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா, அவர் பையில் யாருக்குக் கடிதம் இருந்தது, ஒன்றும் தெரியாது. கழுத்தில் ரத்தம் வழிந்த விதம் மட்டும் இரண்டு பக்கம்.

1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலாவில் லூசி என்றொரு பெண் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே வருவாள். மாற்றி மாற்றி நான்கு ஆண்கள் அவளுக்கு ரத்தம் கொடுப்பார்கள். காட்டேரி அண்டாமலிருக்க வான் ஹெல்சிங் என்கிற டாக்டர் அவள் அறையெங்கும் பூண்டுப் பூ வைத்துவிட்டுப் போவார். விவரம் தெரியாத அம்மாவோ, மகளுக்கு மூச்சு முட்டுமே என்று பூவை எல்லாம் எடுத்துவிட்டு சன்னலையும் திறந்து வைப்பாள். படித்தபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இத்தனைக்கும் அந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது.

இதை நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? முப்பந்தல் இசக்கியம்மனைத் தெரியாதவர்கள் இங்கே யார்? அந்த அம்மன்தான் நீலி. வில்லுப்பாட்டில் அவள் கதை கேட்டிருப்பீர்கள். கள்ளிக்கொப்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வந்து, ஒருவனைக் காட்டி, 'இவர் என் புருஷன்' என்று அழுவாள். அவள் பழிவாங்க வந்த பேய் என்று நமக்குத் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது. ஆனால் முற்பிறவியில் நகைக்காக அவளைக் கொன்றவன் அவன்தான். அதனால் பயந்துகொண்டே நாமும் அவள் கட்சிக்குப் போய்விடுவோம்.

அந்த நாவலின் காட்டேரிக்கு இப்படி ஒரு வழக்கும் இல்லை, வெறும் பசிதான். பசிக்காகக் கொல்வதென்றால் புலி போதுமே, காட்டேரி எதற்கு?

இரண்டாம் பாகமும் வருகிறதாம். ஊரில்தான் ஒருத்தரும் மிச்சமில்லையே, யாரை வைத்து எழுதப் போகிறாரோ! வணக்கம்.