வெள்ளை மானின் கழுத்தைப் பாருங்கள்

அவையோருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் பப் வாசலில் தொங்கும் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். சிங்கம், மான், பன்றி, கருவாலி மரம், மகுடம் என்று ஏதாவது ஒரு படம் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். எழுத்து தெரியாத ஊருக்கு அது அறிவிப்பு. அதைப் படிக்கும் முறையைத்தான் இன்று பேசப்போகிறேன்.

பலகைக்கு முன்னால் இலைக்கொத்துதான் இருந்தது. ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேராத பழைய ஏல், அதாவது அக்கால பியர், சில நாளில் புளித்துவிடும். அதனால் வீட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சி விற்றார்கள். ஒரு தடவை காய்ச்சி முடிந்ததும் நீண்ட கழியின் நுனியில் தழையைக் கட்டி வாசலில் நீட்டுவார்கள். வாடிக்கையாளரும் வருவார், ஏலைச் சுவைத்துத் தரம் பார்க்கும் அதிகாரியும் வருவார். நாடகாசிரியர் ஷேக்ஸ்பியரின் தந்தை ஜான், 1556-இல் ஸ்ட்ராட்போர்டில் இந்த உத்தியோகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சுவைப்பதே உத்தியோகம், குறை சொல்ல முடியாத வேலை! ‘புஷ்’ என்ற பெயரில் இன்றும் பப்கள் உண்டு. அது அந்தத் தழையின் மிச்சம்.

1393-இல் இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில் சட்டம் வந்தது: விற்பதற்கென்று ஏல் காய்ச்சுபவர் வாசலில் பலகை மாட்ட வேண்டும், மாட்டாவிட்டால் ஏல் பறிமுதல். சரி, பலகையில் எதை வரைவது? சட்டம் போட்டவரின் சின்னத்தையே வரைந்துவிட்டால் வம்பில்லை. ரிச்சர்டின் சொந்தச் சின்னம் வெள்ளைக் கலைமான். ‘ஒயிட் ஹார்ட்’ (வெள்ளைக் கலைமான்) என்ற பெயர் பரவிய வழி இதுதான். அடுத்த முறை அந்தப் பலகையைக் கண்டால் மானின் கழுத்தைப் பாருங்கள். கழுத்தில் பட்டைபோலப் பொன்மகுடம், அதிலிருந்து தொங்கும் பொற்சங்கிலி, கால் மடக்கிப் படுத்த நிலை. மூன்றும் இருந்தால் ஓவியர் விஷயம் தெரிந்தவர். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ‘வில்டன்’ இரட்டைப் பலகை ஓவியத்தின் பின்புறம் இதே மானைக் காணலாம். காட்டில் துள்ளும் சாதாரண மானை வரைந்திருந்தால், பெயரை மட்டும் கேட்டு வரைந்திருக்கிறார் என்று பொருள்.

1399-இல் ரிச்சர்டின் பதவி பறிபோனது. மான் போகவில்லை, அதற்குள் அது கடைப்பெயராகவே ஊறிவிட்டது. மூன்றாம் ரிச்சர்டின் வெள்ளைப் பன்றிக்கு அந்த யோகம் இல்லை. 1485 ஆகஸ்ட் 22, பாஸ்வொர்த் போர்க்களத்தில் அவர் மாண்டார். வென்ற பக்கத்தின் முன்னணிப் படையை நடத்திய ஆக்ஸ்போர்டு பிரபுவின் சின்னம் நீலப் பன்றி. விடுதிக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஒரு பூச்சு நீலச் சாயத்தில் கட்சி மாறியாயிற்று. மூன்றாம் ரிச்சர்ட் தங்கியதாகச் சொல்லப்படும் லெஸ்டர் நகர விடுதிக்கும் பின்னாளில் ‘ப்ளூ போர்’ (நீலப் பன்றி) என்றே பெயர்.

‘ராயல் ஓக்’ (அரச கருவாலி) கதையில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1651 செப்டம்பர் 3-இல் வூஸ்டர் போரில் நாடாளுமன்றப் படையிடம் தோற்ற இளைஞர் இரண்டாம் சார்லஸ், மூன்று நாள் கழித்து ஷ்ராப்ஷரின் பாஸ்கபெல் தோப்பில் ஒரு கருவாலி மரத்தில் ஏறி ஒளிந்தார். 1660 மே 29, தம் பிறந்தநாளன்று, மன்னராக லண்டனுக்குள் நுழைந்தார். அந்த நாள் பல தலைமுறைக்கு அரசு விழாவாக இருந்து 1859-இல்தான் நீங்கியது. மரக்கிளைகளுக்குள் மகுடமோ முகமோ தெரிந்தால் இந்தக் கதை. துறைமுக ஊர்களில் அதே பெயரின் கீழ் போர்க்கப்பலை வரைந்திருப்பார்கள். ‘ராயல் ஓக்’ என்ற பெயரில் கடற்படைக் கப்பல்கள் பல இருந்தன.

மிகப் பரவலான பெயர்களுள் முன்வரிசையில் நிற்பது ‘ரெட் லயன்’. ஜான் ஆஃப் கான்ட் பிரபுவின் சின்னம் என்பார்கள். முதலாம் ஜேம்ஸ் தம் ஸ்காட்லாந்துச் சிங்கத்தை எங்கும் மாட்டச் சொன்னார் என்பார்கள். ஆணையைக் காட்டு என்றால் கதை நின்றுவிடும். எத்தனையோ பிரபுக் குடும்பங்களின் கேடயத்தில் சிவப்புச் சிங்கம் உண்டு. சிவப்பு தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஒரே தெருவில் இரண்டு சிங்கம் இருந்தால் நிறம்தான் அடையாளம். எனக்கு இந்தச் சாதாரண விளக்கமே போதும்.

பெயரை வைத்துக் காலத்தைக் கணிக்கலாம், ஜாக்கிரதையாக. 1830-இல் வந்த பியர் சட்டத்தின்படி, வரி கட்டும் எந்த வீட்டுக்காரரும் இரண்டு கினி (அக்கால ஆங்கிலப் பணம்) கட்டினால் பியர் விற்கலாம். ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. அந்த ஆண்டுதான் நான்காம் வில்லியம் பட்டமேறினார். ஏழே ஆண்டு ஆண்டவர் பெயரில் இத்தனை பப் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ‘மார்க்விஸ் ஆஃப் கிரான்பி’ பெயர் பரவியது வேறு வழியில். 1760-இல் வார்பர்க் போரில் தொப்பியும் பொய்முடியும் பறக்க, மொட்டைத் தலையோடு குதிரையில் பாய்ந்த தளபதி அவர். காயம்பட்ட தம் வீரர்கள் சிலருக்கு விடுதி தொடங்கப் பணம் கொடுத்தார். அவர்கள் நன்றியைப் பலகையில் மாட்டினார்கள். 1770-இல் இறந்தபோது அவருக்குக் கடன்தான் மிச்சம். பலகையில் முடியுள்ள கிரான்பியைக் கண்டால் ஓவியரை மன்னித்துவிடுங்கள்.

இனி, நம்பக்கூடாத கதைகள். ‘எலிஃபன்ட் அண்ட் காஸில்’ என்பது ‘இன்ஃபான்டா டி காஸ்டீல்’ என்ற ஸ்பானிய இளவரசிப் பட்டத்தின் திரிபு என்பார்கள். முதுகில் கோட்டை சுமக்கும் யானை, லண்டன் கத்தி செய்வோர் சங்கத்தின் சின்னம். கத்திப் பிடிக்கு யானைத் தந்தம் வேண்டுமல்லவா? ‘கோட் அண்ட் காம்பஸஸ்’ (ஆடும் கவராயமும்) என்ற பெயர், ‘காட் என்கம்பஸெத் அஸ்’ (கடவுள் நம்மைச் சூழ்ந்திருக்கிறார்) என்ற ஆங்கில வாசகம் சிதைந்தது என்பதும் இந்த ரகம்தான். ஒலி ஒத்தால் போதாது. அந்த மூல வாசகம் ஒரு பழைய பலகையிலோ பத்திரத்திலோ இருக்க வேண்டும்.

பழமை காட்டப் பெயருக்கு முன்னால் சேர்க்கும் ‘யீ ஓல்டி’யும் (‘த ஓல்ட்’, அதாவது ‘பழைய’) அப்படித்தான். ஆங்கிலத்தில் முன்பு ‘த’ ஒலிக்குத் ‘தோர்ன்’ என்றொரு எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது ‘ஒய்’ எழுத்தைப் போல ஆனது. அச்சுக்கோப்பவர்களும் ‘ஒய்’யையே போட்டார்கள். படிக்கும்போது ‘த’ என்றுதான் படிக்க வேண்டும். சுவடியில் ரகரமும் காலும் ஒன்றாகத் தெரிந்து திண்டாடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நாட்டிங்ஹாமில் கோட்டைப் பாறையை ஒட்டி ‘யீ ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்’ இருக்கிறது. சுவரில் பெரிதாகத் தொடங்கிய ஆண்டு 1189 என்று எழுதியிருப்பார்கள். ஆனால் கட்டடம் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பழைய பெயர் ‘பில்கிரிம்’. இப்போதைய பெயர் பதிவில் தென்படுவது 1799-இல்.