கம்போஸ்ட் தொட்டில புழுவா? மருந்து அடிக்காதீங்க!

வணக்கம் மக்களே! வாளிய திறக்குறேன், கொஞ்சம் காதக் கொடுங்க... சலசலன்னு கேக்குதா? அவ்வளவும் புழு சாப்பிடுற சத்தம்தான். ஐயோன்னு வீடியோவ மூடிறாதீங்க!

கமெண்ட்ல நிறைய பேரு கேக்குறீங்க, "தொட்டில புழு வந்துருச்சு, என்ன மருந்து அடிக்கிறது"ன்னு. முதல்ல எந்தப் புழுன்னு பாருங்க. வெள்ளையா, வழவழன்னு, ஒரு முனை கூர்மையா இருந்தா வீட்டு ஈப் புழு. இந்தா, கையில எடுத்துக் காட்டுறேன். தட்டையா, வரிவரியா, தோல் கெட்டியா இருக்குல்ல? இது பிளாக் சோல்ஜர் ஃப்ளைங்குற ஒரு வகை ஈயோட புழு. இத நான் காசு குடுத்து வாங்கல, தானா வந்துச்சு.

தாய் ஈ பாக்க குளவி மாதிரி கருப்பா இருக்கும், ஆனா கொட்டாது. நம்ம சோத்துல வந்து உக்காராது, ஏன்னா அதுக்குச் சாப்பாடே பெருசா தேவையில்ல. புழுவா இருக்கும்போது சேத்த கொழுப்புலயே நாள ஓட்டி, ஐநூறு முட்டை வரைக்கும் போட்டுட்டுப் போய்ச் சேந்துரும். முட்டைய குப்பை மேல போடாது, பக்கத்துல காஞ்ச இடுக்கு தேடும். அதான் மூடிக்கு அடியில அட்டைப்பெட்டித் துண்டு சொருகியிருக்கேன்.

மண்புழுத் தொட்டில போட யோசிக்கிற பழைய சோறு, மீன் குடல், எல்லாம் இங்க போடலாம். நேத்து ராத்திரி போட்ட மீன் குடல இப்ப தேடிப் பாருங்க, இருக்காது.

நாத்தம் வருதுன்னா புழுவத் திட்டாதீங்க, தண்ணி தேங்குது! வாளி அடியில ஓட்டை போடுங்க, தேங்காய் நார்த்தூள் ரெண்டு கை தூவுங்க. மொட்டை மாடி உச்சி வெயில்ல மட்டும் வேணவே வேணாம். கூட்டமா திங்கும்போது அதுங்களே சூட்டக் கிளப்பும், வெயிலும் சேந்தா மொத்தமும் வெளிய ஓடி வந்துரும். அப்புறம் வீட்டுல உங்களுக்குத்தான் அர்ச்சனை.

ரெண்டு மூணு வாரத்துல புழு கருத்துப்போய், திங்குறத நிறுத்திட்டு, காஞ்ச இடம் தேடி மேல ஏறும். சாய்வா ஒரு பலகை வச்சா ஏறி வந்து, அந்தப் பக்கம் வச்ச டப்பாவுல தானா விழும். கோழி வச்சிருக்கவங்களுக்கு யோகம்! காயவச்ச புழுவுல சுமார் 40 சதவீதம் புரதம். கொஞ்சத்த மட்டும் ஈயாக விட்டுருங்க, அடுத்த ஈடு வேணும்ல.

மிஞ்சுற கசடு இன்னும் முழுசா மக்கின உரம் ஆகல, நேரா செடிக்குப் போடாதீங்க. மண்ணோட கலந்து சில வாரம் ஆற விடுங்க, இல்ல மண்புழுத் தொட்டில கொட்டுங்க. நான் மண்புழுவுக்குத்தான் குடுக்குறேன்.