இரவல் மைக்ரோஸ்கோப்பும் ஐந்தாண்டுச் சான்றும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். கடைசி ஆறு வருடம் தலைமையாசிரியர். அரசு உதவி பெறும் பள்ளி. பெயர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது இப்போதே தெரிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், நாளை இன்ஸ்பெக்‌ஷன் என்று தகவல் வந்தது. எங்கள் ஆய்வகத்தில் இருந்த இரண்டு மைக்ரோஸ்கோப்பில் ஒன்றுக்கு லென்ஸ் கிடையாது. பக்கத்து ஊர்ப் பள்ளியில் நாலு இரவல் வாங்கி வரச் சொல்லி, இளவட்டம் என்று என்னை அனுப்பினார்கள். பழைய வேட்டியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து சேர்த்தேன். அதிகாரி வந்தார், எண்ணினார், உபகரணங்கள் போதுமான அளவில் இருப்பதாக எழுதிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். மறுநாள் அதே சைக்கிள், அதே வேட்டி. அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன். எங்கள் உலக உருண்டையும் எலும்புக்கூடும் அங்கே போய்விட்டு வந்தன.

இந்த மனசோடுதான் நான் அமெரிக்காவுக்குப் போனேன். மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ் நகரத்தின் ஓரத்தில் என் மகள் குடும்பம் இருக்கிறது. பேத்தி மூன்றாம் வகுப்பு, படிப்பது ஒரு லுத்தரன் பள்ளியில், அதாவது மார்ட்டின் லூதர் வழி வந்த கிறிஸ்தவ சபையின் பள்ளியில். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. நடக்கிற தூரம், வகுப்பில் பதினாறே பிள்ளைகள் என்பதுதான் மகள் சொன்ன காரணம். நான் போயிருந்த நேரத்தில் பள்ளியிலிருந்து பெற்றோருக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது. உங்கள் பிள்ளைக்கு இந்தப் பள்ளியில் எது குறை, நீங்கள் புகார் சொன்னால் யாராவது காது கொடுக்கிறார்களா, பள்ளி தன் நோக்கம் என்று சொல்லிக்கொள்வது வகுப்பறையில் நடக்கிறதா என்று பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தார்கள். இதை எதற்கு நிரப்ப வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அக்ரெடிடேஷன் வருது மாமா" என்றார்.

இந்தச் சொல்லைத் தமிழில் அங்கீகாரம் என்று எழுதினால் பாதிதான் சரி. நம் ஊரில் அங்கீகாரம் அரசாங்கம் கொடுப்பது. அது இல்லாவிட்டால் பள்ளிக்குப் பூட்டுதான். அமெரிக்காவில் அக்ரெடிடேஷன் பெரும்பாலும் அரசாங்கத்தின் வேலை இல்லை. 1885ல் நியூ இங்கிலாந்துப் பகுதியில் கல்லூரிகளும் பள்ளிகளும் சேர்ந்து தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டன. அந்த வழியில் வந்த ஏற்பாடு இது. சக பள்ளிக்காரர்களே வந்து பார்த்து, சொன்னபடி நடத்துகிறாய் என்று சொல்வது. நம் கல்லூரிகளுக்கு 1994லிருந்து இருக்கும் 'நாக்' கமிட்டி இதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். நாக் வருகிறது என்றால் தென்னை மரத்துக்குக் கூட வெள்ளையடிப்போம், அது வேறு விஷயம். எனவே தரச்சான்று என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

லுத்தரன் பள்ளிகள் ஏன் தங்களுக்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொண்டன? அதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஜெர்மனியின் சாக்ஸனி பகுதியிலிருந்து 1838 கடைசியில் ஐந்து கப்பலில் லுத்தரன் குடும்பங்கள் கிளம்பின. ஒரு கப்பல் கடலோடு போயிற்று. மற்றவர்கள் 1839 தொடக்கத்தில் மிசௌரி வந்து சேர்ந்து, அந்த வருடம் முடிவதற்குள் ஆல்டன்பர்க் என்ற இடத்தில் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு குடிசை கட்டிப் பள்ளி தொடங்கிவிட்டார்கள். வாழ வந்த ஊரில் காய்ச்சலும் கடனும் தின்றுகொண்டிருந்த நேரம் அது. அந்தக் குடிசை இன்றும் இருக்கிறது. மகள் காரில் கூட்டிப்போய்க் காட்டினாள். எங்கள் பள்ளி சைக்கிள் கொட்டகையைவிடக் கொஞ்சம் சிறிது. 1847ல் இவர்களும் மற்ற ஜெர்மன் சபைகளும் சேர்ந்து அமைத்ததுதான் மிசௌரி சினாடு என்ற சபைக் கூட்டமைப்பு. சினாடில் சேர வேண்டுமா, பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்து என்று தங்கள் அமைப்பு விதியிலேயே அவர்கள் எழுதிக்கொண்டார்கள். எந்தச் சபைக் கோயிலைப் பார்த்தாலும் பக்கத்தில் ஒரு பள்ளி. பாடமொழி ஜெர்மன்.

இந்த மொழியில்தான் வம்பு வந்தது. விஸ்கான்சின் மாநிலம் 1889ல் பென்னட் சட்டம் கொண்டுவந்து, முக்கியப் பாடங்களை ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும் என்றது. ஜெர்மன் லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும், சாதாரணமாக ஒரே பந்தியில் உட்காராதவர்கள், ஒன்றாகச் சேர்ந்து அடுத்த வருடத் தேர்தலில் ஆளுங்கட்சியைக் கவிழ்த்தார்கள். 1891ல் சட்டம் போயிற்று. அப்புறம் முதல் உலகப் போர். ஜெர்மன் பேசினாலே சந்தேகம். நெப்ராஸ்கா மாநிலம் 1919ல், எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு வேற்று மொழி கற்பிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஹாம்ப்டன் என்ற சின்ன ஊரில் சீயோன் லுத்தரன் பள்ளியின் ஆசிரியர் ராபர்ட் மேயர், 1920 மே மாதம் ஒரு பத்து வயதுப் பையனுக்கு ஜெர்மன் வேதாகமக் கதை வாசிக்கச் சொல்லிக் கொடுத்தார். அபராதம் 25 டாலர். அவர் கட்டிவிட்டுப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1923 ஜூன் 4 அன்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. கற்பிப்பது ஆசிரியரின் உரிமை, பிள்ளைக்கு என்ன கற்பிக்கலாம் என்பதில் பெற்றோருக்குப் பேச்சுண்டு என்று அந்த நீதிமன்றம் சொன்னதை இன்றும் அங்கே வழக்குகளில் எடுத்துக்காட்டுகிறார்கள். மொழிக்காகச் சிறை போனவர்களின் ஊரிலிருந்து வந்த எனக்கு, அந்த 25 டாலர் சின்னத் தொகையாகத் தெரியவில்லை.

அரசாங்கத்து ஆள் வகுப்பு வாசலில் வந்து நின்றால் என்னவாகும் என்று இப்படிப் பட்டுத் தெரிந்தவர்கள் அவர்கள். அதற்காக யாரும் எங்களைக் கேட்கக் கூடாது என்றும் இருக்க முடியாதே. பெற்றோர் கேட்பார்கள், உயர்நிலைப் பள்ளிகளும் கல்லூரிகளும் கேட்கும். நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம் என்று மிசௌரி சினாடு அமைத்துக்கொண்டதுதான் நேஷனல் லுத்தரன் ஸ்கூல் அக்ரெடிடேஷன். விஸ்கான்சின் சினாடு என்பது வேறு சபை. அவர்களுக்கும் தனியாக ஒன்று இருக்கிறது.

சரி, எப்படி நடக்கிறது? இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி இல்லை என்பது முதல் ஆச்சரியம். யாரும் வருவதற்கு முன்னால் பள்ளியே தன்னைப் பற்றி எழுத வேண்டும். தன்னாய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. ஆசிரியர், சபை உறுப்பினர், பெற்றோர் எல்லாரும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். பள்ளியின் நோக்கத்தில் தொடங்கி, நிர்வாகம், ஆசிரியர்களின் தகுதி, கற்பித்தல், கட்டடம் வரை ஏழு தலைப்பு. ஒவ்வொன்றிலும், செய்கிறோம் என்று சொன்னால் போதாது, அத்தாட்சி வைக்க வேண்டும். எது செய்யவில்லை என்பதையும் எழுத வேண்டும். நான் மூன்று தடவை படித்துப் பார்த்த இடம் அதுதான். பேத்தியின் பள்ளி எழுதியதைப் பெற்றோர் பார்வைக்கு வைத்திருந்தார்கள். அறிவியலுக்குத் தனி அறை இல்லை, கணக்கில் ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவே பாடத்திட்டம் ஒட்டவில்லை, இரண்டு ஆசிரியர்கள் இன்னும் சான்றிதழ்ப் படிப்பை முடிக்கவில்லை என்று அவர்களே எழுதி, எப்போது சரி செய்வோம் என்று தேதியும் போட்டிருந்தார்கள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஒட்டாதது பின்னம். உலகம் முழுக்க அங்கேதான் அறுந்து போகிறது போலிருக்கிறது.

அப்புறம்தான் பார்வைக் குழு. மூன்று பேர், மூன்று நாள். இரண்டு பேர் வேறு ஊர் லுத்தரன் பள்ளித் தலைமையாசிரியர்கள், ஒருவர் ஆசிரியை. கையில் தன்னாய்வு நகல். எழுதியது உண்மையா என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை. வகுப்பில் பின்னால் உட்காருகிறார்கள், பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். மகளோடு நானும் போயிருந்தேன். அவர்கள் எழுதும் அறிக்கை வட்டார ஆணையத்துக்குப் போய், அங்கிருந்து தேசிய ஆணையத்துக்குப் போகும். சான்று ஐந்து வருடத்துக்கு. நடுவில் ஒவ்வொரு வருடமும், ஒப்புக்கொண்ட குறைகளில் எதைச் சரி செய்தாய் என்று அறிக்கை அனுப்ப வேண்டும். பலகையை மாட்டிவிட்டுத் தூங்க முடியாது.

எனக்கு ஒரு சந்தேகம். சபைப் பள்ளியைச் சபைக்காரரே பார்த்தால் அது எங்கள் உலக உருண்டை கதைதானே? தேநீர் நேரத்தில் குழுவில் வந்த ஒரு தலைமையாசிரியரிடம் கேட்டேவிட்டேன். மகள் முழங்கையால் இடித்தாள். அவர் சிரித்துவிட்டு, அடுத்த வருடம் இதே மாதிரி ஒரு குழு என் பள்ளிக்கு வருகிறது என்றார். அது பதிலா, பிரச்சினையே அதுதானா என்று எனக்கு இன்றைக்கும் தீரவில்லை. நாளைக்கு என்னைப் பார்க்க வருகிறவன் என்ற பயம் ஒருவனைக் கண்ணியமாக்கும், இன்னொருவனை வழவழவென்று ஆக்கும். ஆனால் ஒரு பள்ளியின் சிக்கல் இன்னொரு பள்ளிக்காரனுக்குத்தான் வாசனையிலேயே தெரியும். எங்கள் அதிகாரிக்கு மைக்ரோஸ்கோப் எண்ணத் தெரிந்தது. அதில் தூசி இல்லையே, தினமும் புழங்குகிற சாமானில் தூசி இல்லாமல் இருக்குமா என்று யோசிக்க வாத்தியார் வேண்டும்.

சான்று கிடைத்த பள்ளிகளில் சில, சிறந்து விளங்கும் பள்ளி என்ற கூடுதல் அங்கீகாரத்துக்கும் போகின்றன. அதற்குக் குறை இல்லை என்பது போதாது. மற்றவர்களிடம் சாதாரணமாகக் காணாத ஒன்றைச் செய்துகாட்ட வேண்டும். லுத்தரன் பள்ளி என்ற தன்மை அதில் துலங்கவும் வேண்டும். நாட்டு அளவில் புளூ ரிப்பன் என்று இன்னொரு விருது இருந்தது. 1982ல் கல்வித் துறை தொடங்கியது, தனியார் பள்ளிகளுக்கும் கிடைக்கும். லுத்தரன் பள்ளிகள் பல அந்தக் கொடியை வாசலில் பறக்கவிட்டிருக்கின்றன. 2025ல் அமெரிக்க மத்திய அரசு அதை நிறுத்திவிட்டது.

இதில் பணமும் இருக்கிறது, மறைப்பானேன். விஸ்கான்சினில் ஏழைப் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்க அரசே பணம் கட்டும் திட்டம் 1990ல் மில்வாக்கியில் தொடங்கியது. 1998லிருந்து மதப் பள்ளிகளும் அதில் வந்தன. அந்தப் பணம் வேண்டுமானால் தரச்சான்று வேண்டும். எந்தெந்த அமைப்பின் சான்று செல்லும் என்று சட்டத்திலேயே பெயர் போட்டு எழுதியபோது, இரண்டு லுத்தரன் அமைப்புகளும் அதில் இருந்தன. அரசாங்கம் வேண்டாம் என்று தனியாகச் செய்துகொண்டதை, கடைசியில் அரசாங்கமே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. நமக்கு இது புதுசும் இல்லை. தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கையில் லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் பார்த்துக்கொண்ட ஆங்கிலப் பள்ளிகளுக்கு 1787லேயே கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டுக்கு 250 வராகன் வீதம் ஒதுக்கியது. நான் வாங்கிய சம்பளத்துக்கு அதைக் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம். மிசௌரிக்காரர்களும் நமக்கு அந்நியர் இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனோடு ஒத்துப்போகாமல் விலகிய மிஷனரி நேத்தர் ஐயரை அவர்கள் 1895ல் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினார்கள். ஆம்பூர்க்காரர்களைக் கேளுங்கள், கன்கார்டியா பள்ளி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு இனிக்கவில்லை. அந்தப் பள்ளிகளில் சில ஆசிரியர்கள் ஒப்பந்தத்தில் வருகிறவர்கள், சிலர் சபையால் 'அழைக்கப்பட்டவர்கள்'. அழைப்பு பெற்றவர் ஊழியக்காரர் மாதிரி. பெரிய மரியாதைதான். ஆனால் மிச்சிகனில் ஒரு லுத்தரன் பள்ளி, நோயில் விடுப்பு எடுத்துத் திரும்பிய ஆசிரியையை வேலையிலிருந்து நீக்கியபோது, அவர் ஊழியக்காரர், இதில் வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் நுழையாது என்று 2012ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஆசிரியர் சங்கத்தில் சந்தா கட்டியவன் நான். ஏழு தலைப்பில் ஆசிரியர் பற்றிய பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் அந்த அம்மா ஞாபகம் வந்தது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி கை காட்டுகிறார். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பார்வைக் குழு ஆசிரியை பிள்ளைகளிடம், இந்தப் பள்ளியில் எதை மாற்றலாம் என்று கேட்டிருக்கிறார். என் பேத்தி, பெண்கள் கழிப்பறையில் இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடிக்கணும் என்று சொல்லிவிட்டு வந்தாள். நூறு பக்கத்துக்கு மேல் எழுதிய தன்னாய்வில் அது இல்லை. குழுவின் அறிக்கையில் கட்டடம் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக ஏறிவிட்டது. போன வாரம் தொலைபேசியில் கேட்டேன். தாழ்ப்பாள் போட்டாயிற்றாம், கொஞ்சம் உயரத்தில் போட்டுவிட்டார்களாம், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டவில்லையாம்.

வணக்கம்.