நீங்கள் கேட்டவற்றில் எனக்குப் பிடித்த கேள்விகள்

வணக்கம். கேள்விகளை அனுப்புங்கள் என்று சென்ற காணொளியின் முடிவில் கேட்டிருந்தேன். இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டு, என் வழக்கப்படி, பேச விரும்பியவற்றை மட்டும் பச்சை அட்டை நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படிக்கும்போது மகிழ்ச்சியும் எரிச்சலும் மாறி மாறி வந்தன. எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றவற்றை நிம்மதியாகப் பேச முடியும்.

வந்தவற்றில் பெரும்பாலானவை "உங்களுக்கு மிகவும் பிடித்த" என்றே தொடங்குகின்றன. இந்தச் சேனலைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, இவ்வகைக் கேள்விகள் எனக்கு ஆகவே ஆகாது என்பது தெரியும். ஆனாலும் நிறத்தைக் கேட்காமல் விடுவதில்லை. எதற்கான நிறம் என்று சொன்னால் என்னிடம் உறுதியான பதில் உண்டு. சுவருக்கு வெள்ளையைத் தவிர வேறெதையும் நான் சகித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வெள்ளையை உடுத்த எனக்குப் பிடிக்காது. பேனாவுக்கு நீல மைதான் மை. கறுப்பு மையில் நானே எழுதியதைப் பார்த்தாலும் யாரோ எழுதியது போலத்தான் இருக்கும். இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கச் சொன்னால், நான் என்ன சொன்னாலும் அது முழு உண்மையாக இருக்காது.

இந்தக் கேள்வி புதியதும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், கேள்விகள் அச்சிட்ட ஆல்பத்தை விருந்தினர்களிடம் நீட்டிப் பதில் எழுதி வாங்குவது வரவேற்பறை விளையாட்டாக இருந்தது. 1865 இல் கார்ல் மார்க்ஸ் தம் மகள்களுடன் அதை விளையாடி, பிடித்த நிறம் சிவப்பு என்று பதில் தந்தார். அவர் சொல்லும்போது அந்தப் பதிலில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது. அதனால் அதை மதிக்கிறேன். பின்னாளில் பெரும் நாவலாசிரியரான மார்செல் ப்ரூஸ்ட், 1880களில் பதின்வயதில், அந்துவானெத் ஃபோர் என்ற தோழியின் ஆல்பத்தில் இதே போன்ற கேள்விகளுக்குப் பதில் எழுதினார். கேள்விகளை ஆக்கியவர் அவர் அல்லர், பதில் எழுதியவர் மட்டுமே. இருந்தும் அந்தப் பட்டியல் இன்றுவரை அவர் பெயரால்தான் வழங்குகிறது. இதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி, ஏனென்றால் பதில் நன்றாக இருந்தால் கேள்வியே அந்தப் பதிலுக்கு உரியவருடையதாகிவிடுகிறது.

பாட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரு சொல். பெரியவர்களிடம் வாழ்நாளில் பிடித்த பாட்டையோ, மறக்க முடியாத நிகழ்வையோ கேட்டால், தோராயமாகப் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்திலிருந்தே அதிகம் எடுத்துச் சொல்கிறார்கள் என்பது நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. ஆகவே நான் எந்தப் பாட்டைச் சொன்னாலும், அதைவிட என் வயதைத்தான் சொன்னவனாவேன். "எந்தப் பாட்டின் நடுவில் எழுந்து போய்விட்டீர்கள்?" என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன்.

இனி நல்ல கேள்விகள். "உங்கள் முதல் நினைவு எது, அது உண்மை என்று எப்படித் தெரியும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த இரண்டாவது பாதிக்காகவே அவருக்கு என் நன்றி. பெரும்பாலானோரின் முதல் நினைவு மூன்று அல்லது மூன்றரை வயதை ஒட்டியது. அதற்கு முந்தையதாக நாம் நம்புகிற பலவும் பிறர் சொல்லக் கேட்டவையாகவோ, படத்தில் பார்த்தவையாகவோ இருக்கக்கூடும். என் நினைவு ஒரு மேசையின் அடிப்புறம். நான் தரையில் மல்லாந்து கிடக்கிறேன். மேலே பலகைகள் மெருகிடாமல் சொரசொரப்பாக இருக்கின்றன. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் பசை பிதுங்கி, கண்ணாடித் துளி போலக் காய்ந்திருக்கிறது. பக்கத்தில் தச்சர் பென்சிலால் இழுத்த ஒரு கோடு. மேசையின் அடிப்புறத்தை யாரும் படமெடுத்து ஆல்பத்தில் ஒட்டுவதில்லை. அதைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்வதும் இல்லை. அதனால்தான் இது என்னுடையது என்று நம்புகிறேன்.

எல்லாவற்றிலும் சிறந்த கேள்வி இது, மெதுவாகப் படிக்கிறேன்: "இப்போது உங்களிடம் இல்லாத எந்தப் பொருளை உங்கள் கை இன்னும் தேடுகிறது?" இதைப் படித்ததும் நோட்டை மூடிவிட்டேன். பதில் இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் வாயில் வரவில்லை. அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை. பிறகு இரவில், இருட்டில் அறைக்குள் நுழைந்தபோது என் வலது கை தானாகவே கதவுக்குப் பின்னால் போய், வெறும் சுவரைத் தடவியது. அதுதான் பதில்! முன்பு குடியிருந்த வீட்டில் விளக்கின் சுவிட்ச், கதவைத் திறந்தால் மறைந்துவிடும் இடத்தில், தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தது. யாருக்கும் வசதியில்லாத இடம் அது. நான் திட்டாத நாளில்லை. இந்த வீட்டின் சுவிட்ச் இடப்பக்கம், கண்ணெதிரே இருக்கிறது. ஆனாலும் கை பழைய இடத்துக்கே போகிறது. மனம் மறந்துவிட்ட வீட்டைக் கை மறக்கவில்லை என்று கண்டுகொண்டதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்போது விளக்கைப் போடாமல், இருட்டிலேயே நின்று, கையை இன்னும் இரண்டு மூன்று முறை அங்கே அனுப்பிப் பார்த்தேன். சுவிட்ச் சற்றுத் தளர்ந்து, அழுத்தினால் இரண்டு முறை சொடுக்கும் என்பதும் அதன் பிறகே நினைவுக்கு வந்தது.

பிடித்த நிறத்தைக் கேட்டால் ஒரு சொல் கிடைக்கிறது. கை எதைத் தேடுகிறது என்று கேட்டால் ஒரு வீடே கிடைக்கிறது. எங்கே, எப்போது, எதை என்று கேட்பவரிடம் என்னால் பொய் சொல்லவே முடிவதில்லை.

ஒன்று விட்டுப்போய்விட்டது, நிறத்தைப் பற்றிப் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டியது. சில கேள்விகளுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. முதலில் வளர்த்த விலங்கின் பெயர், படித்த முதல் பள்ளி, அம்மாவின் திருமணத்துக்கு முந்தைய பெயர் ஆகியவற்றை அன்போடுதான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடவுச்சொல் மறந்துபோனால் பல தளங்கள் கேட்பதும் இவற்றைத்தான். 2008 இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சலுக்குள் ஒருவர் நுழைந்தது இந்த வழியில்தான். கணவரை முதலில் எங்கே சந்தித்தார் என்பதும் அங்கே கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று. பொய்ப் பதில் தந்து தப்பிக்கலாம் என்றால் அதுவும் உதவாது. கூகுள் ஆய்வாளர்கள் 2015 இல் வெளியிட்ட ஆய்வில் சுமார் 37 சதவீதத்தினர் வேண்டுமென்றே பொய்ப் பதில் தந்ததாகக் கூறினர். பலரும் ஒரே மாதிரிப் பொய்யைச் சொன்னதால் ஊகிப்பது இன்னும் எளிதாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. "தொலைபேசியில் பேசுவதற்கு முன் சொல்லப்போவதை ஒத்திகை பார்ப்பீர்களா?" ஆம், பார்ப்பேன்; முதல் வாக்கியத்தை முணுமுணுத்துப் பார்க்காமல் நான் யாரையும் அழைப்பதில்லை. இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உளவியலாளர் ஆர்தர் ஏரனும் உடன் பணியாற்றியவர்களும் 1997 இல் வெளியிட்ட 36 கேள்விகளில் இதுவும் ஒன்று. முன்பின் அறியாத இருவரை உட்கார வைத்து, சுமார் 45 நிமிடங்கள் படிப்படியாக ஆழமாகும் கேள்விகளைக் கேட்டுக்கொள்ளச் செய்தார்கள். இருவரும் மாறி மாறிப் பதில் சொல்வதே அதன் உயிர். ஒருவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அது நேர்காணல் ஆகிவிடும். ஆகவே அடுத்த பகுதிக்குக் கேள்வி அனுப்புகிறவர்கள், அதே கேள்விக்கான தங்கள் பதிலையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் என் பதிலைச் சொல்வேன்.