லிஸ்டோவெல் நிலையத்தின் ஒற்றைத் தண்டவாளம்

நேயர்களுக்கு வணக்கம்.

அயர்லாந்தின் தென்மேற்கில், கெர்ரி மாவட்டத்தில், லிஸ்டோவெல் என்றொரு சந்தை ஊர். 1880இல் அங்கே ரயில் வந்தது. எல்லா ஊர்களுக்கும் வந்ததுபோல இரண்டு தண்டவாளங்களில்தான் வந்தது. நான் பேச வந்தது அதன் அருகிலேயே 1888இல் திறந்த இன்னொரு நிலையத்தைப் பற்றி. அங்கிருந்து 9 மைல் தொலைவிலுள்ள பாலிபனியன் கடற்கரைக்குப் போன ரயிலைத் தாங்கியது ஒற்றைத் தண்டவாளம்.

அதுவும் தரையில் அல்ல. வரிசையாக நட்ட இரும்புச் சட்டங்களின் உச்சியில், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில். காவடியைப் போல, பெட்டிகள் இருபுறமும் தொங்கும். அல்ஜீரியாவில் ஒட்டகங்கள் சுமை தாங்கிப் போவதைப் பார்த்து, சார்லஸ் லார்டீக் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் யோசித்த ஏற்பாடு இது. எஞ்சினுக்கும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொதிகலன்கள்!

இருபுறமும் எடை சமமாக இருக்க வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், சமமாக இருக்க வேண்டும். நிலைய ஊழியர்களுக்கு அன்றாடக் கவலையே அதுதான்.

அந்தப் பக்கத்தில் இன்றும் சொல்லும் கதை ஒன்று. பாலிபனியனுக்கு ஒரு பியானோ போக வேண்டியிருந்தது. மறுபக்கம் எதை வைப்பது? ஒரு பசுவை ஏற்றினார்கள். பியானோ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் பசு வீடு திரும்ப வேண்டுமே! அதற்கு ஈடாக இரண்டு கன்றுகளை மறுபக்கம் ஏற்றி, பசுவை லிஸ்டோவெலுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது கன்றுகள் திரும்ப வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். கணக்கு அத்துடன் தீர்ந்தது. சொல்லச் சொல்லக் கதை கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். ஆனால் அந்த நிலையத்தில் நின்றவர்களின் கவலை உண்மை. அதைத் தீர்த்த சாமர்த்தியமும் உண்மை.

இப்படி ஒரு ரயிலா என்று சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. 36 ஆண்டுகள் ஓடியது அது. கடற்கரை மணலை வயல்களுக்கு உரமாகக் கொண்டுவந்தது. கோடையில் குடும்பங்களைக் கடலுக்கு அழைத்துப்போனது. இடையில் உயர்ந்து நிற்கும் தண்டவாளத்தைத் தாண்டி மறுபக்கம் போவதற்கு, ரயிலோடு படிக்கட்டு வைத்த வண்டியொன்றும் கூடவே போனது. பாதை குறுக்கிட்ட இடங்களில் தூக்குப் பாலங்கள் வைத்தார்கள். சிக்கல் வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு வழி கண்டார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உள்நாட்டுப் போரில் பாதை சேதமடைந்தது, லாபமும் இல்லை, 1924இல் மூடினார்கள். 1880இல் வந்த இரட்டைத் தண்டவாளப் பெரிய ரயில்பாதையிலும் 1963இல் பயணிகள் போக்குவரத்து நின்றது. 2003இல் லார்டீக் பாதையைக் கொஞ்ச தூரத்துக்கு மீண்டும் அமைத்து, பழைய எஞ்சினின் வடிவத்திலேயே ஒன்றைச் செய்து ஓட்டத் தொடங்கினார்கள். அதைச் செய்தவர்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். கெர்ரிப் பக்கம் போகிறவர்கள் அந்த ரயிலில் ஏறிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.