வெளியவே நின்னு வேலை பாக்குற மருந்து

வணக்கம் மக்களே. போகி அன்னிக்கு காலைல அஞ்சரை மணி, வியாசர்பாடில எங்க தெரு பூரா புகை, எதிர் வீட்டு மாடி கூட தெரியல, அம்மாவுக்கு நெஞ்சுல விசில் அடிக்கிற மாதிரி இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. நீல கலர் இன்ஹேலர குலுக்கி ஸ்பேசர்ல ரெண்டு பஃப் குடுத்தேன், அஞ்சு நிமிஷத்துல தோள்பட்டை இறங்கி மூச்சு சீரா வந்துச்சு. அந்த அஞ்சு நிமிஷத்துல உள்ள என்ன நடந்துச்சுன்னு இப்ப பாக்கலாம்.

அந்த மருந்து சால்பியூட்டமால். மூச்சுக்குழாய சுத்தி இருக்கிற தசை செல்லு வரைக்கும் போகும், ஆனா செல்லுக்குள்ள நுழைய வேண்டிய அவசியமே இல்ல. எம்டிசி பஸ்ல கூட்டத்துல முன் படிக்கட்டுல ஏறினா நாம கண்டக்டர்கிட்டயா போறோம்? "ஒரு கிண்டி, பாஸ் பண்ணுங்க"ன்னு காச நீட்டிடுவோம், கை மாறி கை மாறி டிக்கெட் வந்துடும். செல்லுலயும் சேதி அப்படித்தான் போகுது.

(திரையில்: செல் சவ்வும் ஏழு சுருளும்)

முதல் கை, ஜி புரோட்டீன் கப்பிள்டு ரிசெப்டர், சுருக்கமா ஜிபிசிஆர். ரிசெப்டர்னா செல்லோட மேல் சவ்வுல நின்னு வெளிய வர்ற சேதிய வாங்குற புரதம். ஒரே புரத இழைதான், ஊசில நூல் கோத்து தைச்ச மாதிரி சவ்வ ஏழு தடவ துளைச்சு போயிட்டு வந்திருக்கும், துளைக்கிற ஒவ்வொரு துண்டும் ஒரு சுருள். நம்ம உடம்புல இந்த வகை சுமார் 800 இருக்கு, அதுல பாதி கிட்ட வாசனைக்கே போயிடுது. இன்னிக்கு புழக்கத்துல இருக்கிற மருந்துகள்ல மூணுல ஒரு பங்கு இந்தக் குடும்பத்த நம்பித்தான் இருக்கு. அம்மாவுக்கு வேலை செஞ்சது இதுல பீட்டா 2ங்கற ரிசெப்டர்.

மருந்து வெளிப்பக்க குழில உட்கார்ந்ததும் ஆறாவது சுருளோட உள்பக்க நுனி விலகுது. 2011ல விஞ்ஞானி பிரையன் கோபில்கா டீம் இந்த நிலைய எக்ஸ்ரே கிரிஸ்டல்ல பிடிச்சாங்க, விலகினது 14 ஆங்ஸ்ட்ராம், ஒரு மில்லிமீட்டர பத்து லட்சமா வெட்டினா அதுல ஒண்ணரை துண்டு கூட இல்ல! அடுத்த வருஷமே அவருக்கும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸுக்கும் கெமிஸ்ட்ரி நோபல். எங்க அம்மாவோட மூச்சு அந்த இடுக்குலதான் இருக்குன்னு நினைச்சாலே எனக்கு சிலிர்க்கும்.

அந்த இடுக்குல ரெண்டாவது கை வந்து செருகிக்கும், சவ்வோட உள்பக்கம் இருக்கிற ஜி புரோட்டீன். அதுவரைக்கும் ரெண்டு பாஸ்பேட் வச்ச குவானோசின பிடிச்சிட்டிருந்தது, அத விட்டுட்டு மூணு பாஸ்பேட் வச்சத மாட்டிக்கும். உடனே அதோட ஆல்ஃபா துண்டு பிரிஞ்சு போய் அடினைல் சைக்ளேஸ் என்சைம தட்டி எழுப்பும், அது சைக்ளிக் ஏஎம்பிங்கற குட்டி தூது மூலக்கூற தயாரிச்சு தள்ளிக்கிட்டே இருக்கும், ஒரு சேதி உள்ள பல மடங்கா பெருகி தசை தளரும், மூச்சுக்குழாய் திறக்கும்.

இந்த சேதி ஒரு இடத்துல நிக்கணுமே? ஆல்ஃபாவே அந்த மூணாவது பாஸ்பேட்ட வெட்டிட்டு தானா அணைஞ்சிடும். காலரா நச்சு ஒடைக்கிறது இந்த டைமரத்தான். குடல் செல்லுல சுவிட்ச் ஆன்லயே மாட்டிக்கும், குளோரைடு வெளிய கொட்டும், தண்ணி அது பின்னாடியே போகும். அந்த நச்ச 1959ல கல்கத்தால முயல் குடல வச்சு காட்டினவர் சம்புநாத் டே. வாழ்ந்த காலத்துல அவர பெரிசா யாரும் கொண்டாடலங்கறது எனக்கு ஆறாத வருத்தம்.

ரிசெப்டர ஓயாம தட்டினா செல்லும் சும்மா இருக்காது, அரெஸ்டின்னு ஒரு புரதத்த மேல ஒட்ட வச்சு ரிசெப்டரையே உள்ள இழுத்துக்கும். மூச்சுக்குழாய் வீக்கத்தையும் நீல இன்ஹேலர் தொடறதில்ல. அதனாலதான் 2019ல உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் மாறுச்சு, நீலம் மட்டும் போதாது, ஸ்டீராய்டு இன்ஹேலர் சேரணும்னு.

கடைசியா ஒண்ணு, இத தயவுசெஞ்சு கவனிங்க. மைக்ரேனுக்கும் படபடப்புக்கும் குடுக்கிற ப்ரொப்ரனலால் அதே பீட்டா 2 குழில உட்கார்ந்து அடைச்சிடும், வீசிங் இருக்கறவங்களுக்கு ஆபத்து. அம்மாவுக்கு ஒரு தடவ தலைவலிக்கு ஒரு டாக்டர் இத எழுதிட்டாங்க, ஆஸ்துமா இருக்கான்னு அவங்க கேக்கல, அம்மாவும் சொல்லல, மெடிக்கல் ஷாப் அண்ணன்தான் சீட்ட பாத்துட்டு "இன்ஹேலரும் உங்களுக்குத்தானே வாங்குறீங்க?"ன்னு நிறுத்தினாரு. இப்பல்லாம் அம்மா எந்த கிளினிக் போனாலும் உட்கார்றதுக்கு முன்னாடியே, "டாக்டர், எனக்கு வீசிங் இருக்கு"ன்னுதான் ஆரம்பிக்கிறாங்க.